பங்கிடப்பட்ட மக்கள்

நாடுகளைப் பிரிப்போர் மண்ணின்மீது கோடு கிழிக்கின்றனர். அக்கோடு மக்களின் இல்லங்களினூடே செல்கிறது. 1923ஆம் ஆண்டு லொசான் நகரில் செய்த உடன்பாட்டின்படி, கிரேக்கமும் துருக்கியும் இலட்சக்கணக்கான மக்களைச் சமய அடிப்படையில் மாற்றிக்கொண்டன. 1947இல் இந்தியா பிரிவினையுற்றபோது ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். இவற்றைப் பாடமாகப் பயிலும் நம் மாணவர், தமிழரே எண்ணிப் பங்கிடப்பட்ட வரலாற்றையும் அறிந்திருத்தல் வேண்டும்.

இலங்கையின் மலைநாட்டைத் தேயிலைத் தோட்டங்களாக்கியவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்கள். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்த அம்மக்களுள் மிகப் பெரும்பாலோர், மறு ஆண்டு இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். தந்தையும் அம்மண்ணில் பிறந்தவர் என்பதற்குச் சட்டம் சான்று கேட்டது. லயத்து அறையில் பிறந்த ஏழைத் தொழிலாளி அத்தகைய சான்றுக்கு எங்கே போவான்?

1964 அக்டோபர் 30ஆம் நாள், சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது. 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது என்பது முடிவு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. கணக்கு நேராயிற்று. ஆயின், எண்ணப்பட்ட மக்களின் கருத்தை முன்னதாக எவரும் கேட்டிலர்.

கணக்கு தலைகளை எண்ணியது, குடும்பங்களை எண்ணவில்லை. பெற்றோர் இலங்கைக் குடிமக்களாக, மணமான மகன் இந்தியக் கடவுச்சீட்டுடன் பிரிய நேர்ந்த இல்லங்கள் பல. தலைமன்னாரில் கப்பலேறியோர் இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகத் தமிழகமெங்கும் சென்றனர். நீலகிரியில் அவர்களுக்கென அரசு தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. அங்கே இடம் பெறாதோருள் பலர், தோட்ட வேலையன்றி வேறொன்றும் அறியாத நிலையில், சிறுவணிகக் கடனுடன் சமவெளி ஊர்களில் விடப்பட்டு நலிந்தனர். இலங்கையில் 'இந்தியாக்காரர்' எனப்பட்டவர்கள் தமிழகத்தில் 'சிலோன்காரர்' எனப்பட்டனர். இரு கரையிலும் அவர்கள் அயலாரே!

1984இல் போரின் காரணமாகக் கப்பல் நின்றது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் பிறந்தது. ஒரு தலைமுறை அதற்குள் கழிந்துவிட்டது.

இவ்வரலாறு நமக்கு அயலன்று. மலேசியாவில் குடியுரிமையற்றோர் வேலை உரிமம் பெறவேண்டும் என்ற விதி 1969இல் செயற்பட்டபோது, பல்லாண்டு பால் வெட்டிய தமிழர் பலர் தோட்டங்களை விட்டுத் தமிழகத்துக்குக் கப்பலேறினர். உழைத்த மண்ணில் உரிமை பெற உழைப்பு மட்டும் போதாது. ஆவணமும் வேண்டும் என்பதே இரு வரலாறுகளும் புகட்டும் பாடமாகும். பிறப்புப் பத்திரத்தைப் பேணுமாறு ஆசிரியர் மாணவருக்குக் கூறும் அறிவுரை சிறியதன்று. அதன் பின்னே இலட்சக்கணக்கானோரின் கண்ணீர் இருக்கிறது.