காதால் பிரித்த குருவிகள்

அண்டங்காக்கா எது, ஊர்க்காக்கா எதுன்னு பிரிக்க நமக்குக் கழுத்துச் சாம்பல் நிறம் போதும். இங்கிலாந்துக்காரங்களுக்கு ரெண்டு குருவி விஷயத்துல அந்தக் கொடுப்பினை இல்லை: சிஃப்சாஃப், வில்லோ வார்ப்ளர். ரெண்டும் சுமார் பத்து கிராம்தான். மேலே மங்கலான பச்சை, கீழே வெளிர் மஞ்சள், கண்ணுக்கு மேல ஒரு கோடு. அந்தக் காலத்துல எல்லாத்தையும் சேர்த்து 'வில்லோ ரென்'னு ஒரே பேர்ல கூப்பிட்டாங்க. ஒரே ஃபோல்டர்ல கொட்டி வச்ச மாதிரி :-)

அதைப் பிரிச்சவர் கில்பர்ட் வொயிட். ஹாம்ப்ஷயர்ல செல்போர்ன் கிராமத்துல இருந்த பாதிரியார். 1768 ஆகஸ்ட்ல தாமஸ் பென்னன்ட்டுக்கு எழுதின கடிதத்துல, இது ஒண்ணில்லை, மூணு இனம், ஒவ்வொண்ணுக்கும் மாறாத தனிக் குரல் இருக்குன்னு அடிச்சுச் சொல்றார். (மூணாவது வுட் வார்ப்ளர். அது தனிக்கதை.) டெர்ஹாம்னு ஒருத்தர் முன்னாடியே மூணு வகை இருக்கும்னு நினைச்சதையும் வொயிட் மறைக்கலை. எனக்கு அவரைப் பிடிச்சுப் போனது அதுலதான்.

சிஃப்சாஃப் பாட்டு ரொம்ப எளிமை. 'சிஃப், சாஃப்'னு ரெண்டே சுரத்தை மாத்தி மாத்திச் சொல்லிட்டே இருக்கும். வில்லோ வார்ப்ளரோ மேல ஆரம்பிச்சு, படியிறங்கி வந்து, அப்படியே கரைஞ்சு போகும். ஒரு தடவை கேட்டா குழப்பமே வராது. காதை மட்டும் நம்பாம, செத்த பறவைகளை எதிரே வச்சும் பார்த்திருக்கார் மனுஷன். சின்னதுக்குக் கால் கறுப்பு, மத்த ரெண்டுக்கும் வெளிர் நிறம். சிஃப்சாஃப்புக்கு இறக்கையும் கொஞ்சம் குட்டை. பெரும்பாலும் மத்தியதரைக் கடல் பக்கமோ மேற்கு ஆப்பிரிக்காவோ போறதோட சரி. வில்லோ வார்ப்ளர் சஹாராவையே தாண்டிப் போகும்.

இதுல மனசைப் பிசையற விஷயம் ஒண்ணு இருக்கு. பின்னாடி வொயிட்டுக்கு அடிக்கடி காது அடைச்சுக்க ஆரம்பிச்சுது. அந்த நாட்கள்ல, பறவைங்க அதிகமாப் பாடுற மே மாசம்கூடத் தனக்கு ஊமையாப் போயிடுதுன்னும், இயற்கையை ஆராயறவன்னு சொல்லிக்கிற தகுதியில பாதி போச்சுன்னும் எழுதியிருக்கார். காதை வச்சே இனம் பிரிச்ச ஆளுக்கு!

கடிதங்கள் 1789ல புத்தகமா வந்துது. 1793ல அவர் போயிட்டார். சிஃப்சாஃப்புக்கு 'கொலிபீட்டா'ங்கிற அறிவியல் பேர் வந்தது 1817ல, வியெயோங்கிற பிரெஞ்சுக்காரர் வச்சது. அர்த்தம் காசு மாத்துறவர். அந்தப் பாட்டு அவங்க காதுக்குச் சில்லறை எண்ணுற மாதிரி கேட்டிருக்கு.