திறப்பு எப்போது கைக்கு வரும்?
எமது கரையோரத்தின் கட்டடத் தாமதங்கள் பற்றிய ஒரு குறிப்பு

இம்மலருக்காகப் பாடசாலையின் பழைய சம்பவத் திரட்டுப் புத்தகங்களை நாம் புரட்டியபோது தேடியவை அதிபர்களின் பெயர்களும் பரீட்சைப் பெறுபேறுகளும்தான். ஆனால் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டவை வேறு வரிகள். கட்டட வேலை நின்றிருக்கிறது, ஒப்பந்தகாரர் வரவில்லை, மழையினால் கொங்கிரீட் போடவில்லை, பணம் வந்ததும் தொடங்குவதாகச் சொன்னார்கள். ஒவ்வொரு அதிபரின் கையெழுத்திலும் இந்தச் செய்தி இருக்கிறது. எமது மாடிக் கட்டடத்தின் அடிக்கல்லில் ஒருவர் பெயர், திறந்து வைத்த கல்லில் இன்னொருவர் பெயர். இரண்டு கற்களுக்கும் இடையில் தகரக் கொட்டிலில் இருந்து சாதாரண தரம் எழுதியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்களில் சிலர் இம்மலர்க் குழுவில் இருக்கிறோம்.

ஒரு கட்டடம் ஏன் பிந்துகிறது என்று கேட்டால் எமது ஊரில் வரும் பதில் ஒன்றுதான்: "கொந்தராத்துக்காரன் ஏமாத்திப் போட்டான்." சில வேளை அது உண்மை. ஆனால் தாமதத்தை ஆராய்வதற்கென்று ஒரு முறை இருக்கிறது. 1957ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் டுபொன்ட் கம்பனியைச் சேர்ந்த மோர்கன் வோக்கரும் ரெமிங்டன் ராண்ட் கம்பனியைச் சேர்ந்த ஜேம்ஸ் கெலியும் உருவாக்கிய கணக்கு அது. எமது பொறியியலாளர்கள் 'கிரிட்டிக்கல் பாத்' என்பார்கள். விஷயம் எளிது. சுவர் எழாமல் கூரை ஏறாது. கூரை ஏறாமல் உள்பூச்சு நடவாது. இப்படி ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு செல்லும் வேலைகளில் மிக நீண்ட வரிசையைப் பார்க்க வேண்டும். கூரை மரம் பத்து நாள் பிந்தினால் திறப்பு விழாவும் பத்து நாள் பிந்தும். வேலி பத்து நாள் பிந்தினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆகவே எது பிந்தியது என்று கேட்பதை விட, எது பிந்தியதால் முடிவு தள்ளிப்போனது என்று கேட்பதே சரி.

யார் பொறுப்பு என்பது அதன் பிறகுதான் வரும். ஒப்பந்தகாரர் ஆள் வைக்காவிட்டால் நட்டம் அவருடையது. காணியைத் தராமலோ பணத்தை விடுவிக்காமலோ வேலை தந்தவர் இழுத்தடித்தால் கூடுதல் நாட்களை அவர்தான் கொடுக்க வேண்டும். மழை கொஞ்சம் சிக்கல். எமது பகுதியில் ஐப்பசி தொடங்கி மார்கழி கடந்தும் மாரி பெய்யும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். அதைக் கணக்கில் எடுக்காமல் திட்டம் போட்டுவிட்டு மழையைச் சாட்டுவது நியாயமில்லை. பெருவெள்ளம் வந்தால் அது வேறு பேச்சு.

இந்தக் கணக்கை 2004 டிசம்பர் 26 இற்குப் பிந்திய எமது கரையோரத்துக்குப் போட்டுப் பார்த்தோம். இலங்கையில் ஆழிப்பேரலை ஆகக் கூடிய உயிர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில்தான். மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மௌத்தான எமது சகோதரிகளின் பெயர்கள் இம்மலரின் முற்பக்கத்தில் உள்ளன. உயிர் தப்பியவர்களுக்கு வீடு வேண்டும். உதவும் நாடுகள் முன்வந்தன, மேசன்மாரும் இருந்தார்கள். இல்லாதிருந்தது நிலம். கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அரசு முதலில் அறிவித்தது. பின்னர் அது குறைக்கப்பட்டது. ஆனால் எமது ஊர்களோ கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒடுங்கிய ஒரு கீலம். கடல் பக்கம் தடை என்றால் வயல் பக்கம்தான் போக வேண்டும். வயலை நிரப்புவதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். எனவே வேலை ஒரு கல் வைக்கும் முன்பே பிந்திவிட்டது. மிக நீண்ட வரிசை சீமெந்துக் கடையில் தொடங்கவில்லை, காணியில் தொடங்கியது.

இதன் உச்சம் எமக்குத் தெற்கே, அக்கரைப்பற்றின் நுரைச்சோலை. (புத்தளத்து அனல்மின் நிலையத்து நுரைச்சோலை அல்ல, பலர் மாறி விளங்கிக்கொள்கிறார்கள்.) சவூதி அரேபியாவின் நன்கொடையில் 500 வீடுகள். அவற்றோடு பாடசாலை, வைத்தியசாலை, பள்ளிவாசல், சந்தை. அன்றைய வீடமைப்பு அமைச்சர் பேரியல் அஷ்ரப் முன்னின்று நடத்திய திட்டம் இது. இங்கே காணி கிடைத்தது, காசு வந்தது, வீடுகளும் எழுந்தன. இடையில் வழக்கு வந்தது. தீகவாபிப் புனித பூமிக்கு அண்மையில் உள்ள அரச காணியை ஒரு சமூகத்துக்கு மட்டும் கொடுக்கலாமா என்று கேட்டு உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்யப்பட்டது. 2009ஆம் ஆண்டின் தீர்ப்பு அந்தப் பங்கீட்டை நிறுத்தி, இன விகிதாசாரத்தைக் கவனத்திற் கொள்ளச் சொன்னது. கட்டி முடிந்த வீடுகள் பத்து வருடங்களுக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்தன. கதவும் ஜன்னலும் களவு போயின, காடு ஏறியது, யானைகள் உலவின.

கட்டடப் பொறியியல் கணக்கில் இது பெரிய தாமதமாகத் தெரியாது. ஒப்பந்தகாரர் தம் வேலையைச் செய்துவிட்டார். மேசனின் நாட்காட்டி முடிந்துவிட்டது. குடியிருக்க வேண்டியவளின் நாட்காட்டி தொடங்கவே இல்லை.

'குடியிருக்க வேண்டியவள்' என்று நாம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தக் கரையோரத்தில் வீடு மகளுக்குரியது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அக்கரைப்பற்றில் பல வருடங்கள் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்த வழக்கத்தை விரிவாக எழுதியிருக்கிறார். எமக்கு அது புத்தகத்தில் படிக்க வேண்டிய விஷயமல்ல. வாப்பா வயலை விற்பார், உம்மா காப்பைக் கழற்றிக் கொடுப்பார், மூத்தவளுக்கு வீடு எழும்பும்; அது முடிந்தால்தான் இளையவளின் பேச்சு. வீடு ஒரு வருடம் பிந்தினால் கலியாணமும் பிந்தும், அடுத்தவளின் முறையும் பிந்தும். 'கிரிட்டிக்கல் பாத்' என்பதை எமது உம்மாமார் பெயர் தெரியாமலே அறிந்திருந்தார்கள்.

அழிந்த வீடுகளில் பல, பெண்களின் சீதன வீடுகள். புது வீட்டுக்கான பத்திரங்களில் அரசு தேடியதோ 'குடும்பத் தலைவர்' என்ற பெயரை. தன் வீட்டை இழந்தவள் கணவரின் பெயரில் வரிசையில் நின்றாள். அந்த இழப்பு எந்தத் தாமத அறிக்கையிலும் ஒரு நாளாகக்கூட ஏறவில்லை.

விரைவாக முடிந்த வேலை எமது மாவட்டத்தில் இல்லையா? உண்டு. 1949இல் அமெரிக்காவின் மொரிசன் நட்சன் கம்பனி இங்கினியாகலையில் கல்லோயா அணையைத் தொடங்கி, குறித்த காலத்துக்கு முன்பே முடித்தது. ஒரே சபையிடம் அதிகாரம், அரச காணி, கையில் பணம். மண்வெட்டும் இயந்திரங்களை மட்டும் புகழ்வது சரியல்ல. அவை காத்திருக்க வேண்டிய கையொப்பங்கள் குறைவாக இருந்தன. ஆனால் அந்த நீர் பாயும் காணி யாருக்கு எவ்வளவு என்ற பேச்சு அணையோடு முடியவில்லை. எமது மூத்தவர்கள் அதை இன்றும் பேசுகிறார்கள்.

நூற்றாண்டு மண்டபம் ஒன்று கட்டுவதென எமது சங்கம் தீர்மானித்திருக்கிறது. முதற் கூட்டத்தில் அடிக்கல் நடும் திகதியைக் கேட்டார்கள். நாம் கேட்டவை வேறு: காணி எல்லை அளந்தாயிற்றா, வரைபடத்துக்கு அனுமதி வந்ததா, மாரிக்கு முன் கூரை ஏறுமா, திறப்பு யார் கையில் கொடுக்கப்படும்? அளவை வேலை நடந்துகொண்டிருக்கிறது. கல் வெட்டுபவரிடம் இன்னும் யாரும் போகவில்லை.