கிழமை யாருக்கு?

'கிழவன்' இன்று வசவு. தொல்காப்பியத்திலோ அது தலைவனைக் குறிக்கிற சொல், 'கிழத்தி' தலைவி. இருவருமே இளவட்டங்கள். கிழமை என்றால் உரிமை. கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார் என்ற புலவர் பெயர்களில் வருவது நரைத்த தலையல்ல, ஊர்மேல் உள்ள உரிமை. பின்னால் 'கிழவன்' தேய்ந்து 'கிழடு' ஆயிற்று. 'நிலக்கிழார்' மட்டும் தேயவில்லை. மரியாதை ஒட்டிக்கொண்டிருந்தது வயதோடு அல்ல, மண்ணோடு.

மறுதிசையையும் பார்க்கலாம். மூப்பிலிருந்து பிறந்த 'மூப்பனார்', உடைமையிலிருந்து பிறந்த 'உடையார்' இரண்டும் பார்க்கவகுலத்தாரின் பட்டங்கள். சங்கராபுரம், கள்ளக்குறிச்சிப் பக்கம் அன்றாடம் கேட்பவை. இருபது வயதுப் பையனும் மூப்பனார்தான். ஆனால் பண்ணையில் உழைத்துத் தேய்ந்த சேரித் தாத்தாவை ஆண்டை வீட்டுச் சிறுவன் பேர் சொல்லி 'வாடா' என்றான். அவருக்குக் 'கிழவர்' என்ற 'ர்' விகுதிகூடக் கிடைக்கவில்லை. இந்த இடத்தில் எந்தச் சொல் மரியாதையானது என்று பட்டிமன்றம் வைத்து என்ன ஆகப்போகிறது?

அரசு தன் பங்குக்குச் சொற்களை மாற்றியபடி இருக்கிறது. 1962இல் சென்னை மாநிலம் உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியபோது முதியவர் 'ஆதரவற்றவர்' என்று காட்டியாக வேண்டும். அதாவது, பெற்ற பிள்ளை கைவிட்டதை ஆபீசில் போய் ஒப்புக்கொள்ள வேண்டும். 2007ஆம் ஆண்டுச் சட்டம் அறுபது நிரம்பியவரை 'மூத்த குடிமக்கள்' என்றது. 1930களின் கடைசியில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்த பதத்தின் தமிழாக்கம். பதம் உயர்ந்தது, பணம்? 2023இல் தமிழகம் மாதம் 1200 ரூபாய் ஆக்கியது. அதில் எண்பது வயதுக்குட்பட்டவருக்கு ஒன்றிய அரசின் பங்கு 200 ரூபாய். ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். பேர் மட்டும் மிச்சம்.

சங்கராபுரத்துக்கு மேற்கே கல்வராயன் மலையில் இந்தச் சொல் இன்னும் தடுமாறுகிறது. அந்த மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. இன்று அறுபதைத் தாண்டிய மலையாளிப் பழங்குடி ஆயா, பிறக்கும்போது ஜாகீர்தாரின் குடி. அரசமைப்பு 1950இலேயே குடியுரிமை கொடுத்துவிட்டது என்பது காகிதம். அவரைப் பொறுத்தமட்டில் 'மூத்த' சரி. 'குடிமகள்' என்பதுதான் அவரைவிட வயதில் இளைய சொல்.

ஆகவே 'கிழவி' என்பதை அழித்து 'முதியவர்' என்று எழுதுவதோடு நம் வேலை முடிவதில்லை. கிழமை என்ற பழைய பொருளைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது: அவர் உழுத மண்ணில் பட்டா, கையேந்தாமல் வருகிற பணம். அது கிடைத்தபின் ஆயாவைக் கிழத்தி என்றே கூப்பிடலாம். பொருத்தமாக இருக்கும்.