ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குப் போகிற சாலையில் பிரயாணம் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: லாரிகளை எண்ண ஆரம்பிக்காதீர்கள், எண்ணி மாளாது. ஒரகடத்தை நெருங்கினால் எங்கு பார்த்தாலும் மோட்டார்த் தொழிற்சாலைகள்தாம். 2010-ல் ரெனோ-நிஸான் கார், 2012-ல் டெய்ம்லர் லாரி, 2013-ல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து குடியேறியவை. வாலாஜாபாத் ரயில் நிலையத்திலோ புத்தம் புதுக் கார்கள் கூட்ஸ் வண்டியில் ஏறி ஊர் ஊராகப் போகின்றன. நவாப் முகம்மதலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். கும்பினியாரின் பட்டாளம் தங்கியிருந்த ஊர். பட்டாளம் போய் இப்போது மோட்டார் வந்திருக்கிறது.

இத்தனை புதுமைக்கு நடுவில் நானும் என் நண்பரும் அங்கே போனது, ஒரு கிழட்டு என்ஜினுக்கு வைத்தியம் பார்க்க.

நண்பரின் தகப்பனார் ஒரு டிரையம்ப் டி.ஆர்.3 வைத்திருந்தார். இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடித்துவிடக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். அவர் காலமான பிறகு அது பல வருஷம் கொட்டகையில் தூங்கிற்று. நண்பர் பென்ஷன் வாங்கத் தொடங்கியதும் அதை எழுப்ப வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. என்ஜினை இறக்கி வேனில் ஏற்றிக்கொண்டு, வாலாஜாபாத்தில் டிராக்டர் என்ஜின் வேலை பார்க்கும் ஒரு முதிய மெக்கானிக்கிடம் போனோம். ஊரில் எல்லோரும் அவரை 'பாய்' என்று அழைத்தார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம்.

ஸ்போர்ட்ஸ் காரை டிராக்டர்க்காரரிடம் கொண்டு போவானேன் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "வேறெங்கேயும் போகவில்லை, சொந்தக்காரர் வீட்டுக்குத்தான் போகிறோம்" என்றார் நண்பர். அந்த உறவுமுறை சுவாரஸ்யமானது.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த சமயம். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனிக்கு ஸர் ஜான் பிளாக் தலைவர். ஹாரி பெர்குசன் என்பவர் வகுத்த சிறிய டிராக்டரைத் தயாரித்துக் கொடுக்க அவர் ஒப்புக்கொண்டார். 1946-ல் டிராக்டர் வெளிவரத் தொடங்கிற்று. முதலில் அமெரிக்க என்ஜின். 1947-லிருந்து ஸ்டாண்டர்டு கம்பெனியின் சொந்த என்ஜின். அதே என்ஜினைத்தான் கம்பெனி தன் புதிய குடும்பக் காரான வான்கார்டிலும் வைத்தது.

அந்த என்ஜினில் ஒரு விசேஷம். சாதாரணமாக, மோட்டார் என்ஜினின் சிலிண்டர்கள் பிளாக் என்ற இரும்புப் பாளத்திலேயே குடையப்பட்டிருக்கும். பிஸ்டன் ஏறி இறங்கி அவை தேய்ந்தால், பிளாக்கையே போரிங் மெஷினுக்குக் கொண்டுபோய்ப் பெரிதாகக் குடைந்து, பருத்த பிஸ்டன் போடவேண்டும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. இந்த என்ஜினிலோ சிலிண்டர் தனிக் குழாய், லைனர் என்பார்கள். அது பிளாக்குக்குள் நிற்கும். அதன் வெளிப்புறத்தைச் சுற்றித் தண்ணீர் ஓடும். தேய்ந்தால் நான்கு குழாய்களையும் உருவிவிட்டு, புதிய நான்கை அவற்றுக்குரிய பிஸ்டன்களோடு இறக்கிவிடலாம். போரிங் மெஷினைக் கண்ணால் பார்த்திராத கிராமத்திலும் வேலை முடிந்துவிடும். உழவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதனால் இன்னொரு லாபமும் கிடைத்தது. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் எப்போதும் 92 மில்லிமீட்டர். குழாயின் உள்விட்டத்தை மாற்றினால் என்ஜினின் ஜாதகமே மாறிவிடும். முதல் டிராக்டர் என்ஜினுக்கு 80 மில்லிமீட்டர். மொத்தக் கொள்ளளவு 1,850 கன சென்டிமீட்டர். வான்கார்டுக்கு 85, 2,088 கன சென்டிமீட்டர். பிற்பாடு டிராக்டருக்கும் அதே 85 வந்தது.

ஸர் ஜானுக்கு ஒரு மனக்குறை. ஜாகுவார்க்காரர்களைப் போலத் தாமும் ஒரு பந்தயக் கார் செய்து பெயரெடுக்க வேண்டும். 1944-லேயே நொடித்துப் போன டிரையம்ப் கம்பெனியை வாங்கி வைத்திருந்தார். கைவசமிருந்த என்ஜினோ இந்த உழவு மாடுதான். அதை வைத்தே 1953-ல் டி.ஆர்.2 பிறந்தது.

பந்தயக் குதிரை ஆக்கவேண்டுமானால் குழாயைப் பெரிதாக்கியிருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை; சிறிதாக்கினார்கள்! 85-ஐ 83 ஆக்கினார்கள். கொள்ளளவு 1,991-க்கு இறங்கிற்று. காரணம், பந்தய விதி. இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட கார், பெரிய கார்களோடு மோதவேண்டும். கீழே இருந்தால் தன்னையொத்தவற்றோடு ஓடலாம். இழந்ததை வேறு வழியில் ஈடுகட்டினார்கள்: இரண்டு கார்புரேட்டர், கலவையை எட்டரைக்கு ஒன்றாக இறுக்குகிற அமைப்பு. வான்கார்டில் 68 குதிரைச் சக்தி கொடுத்த என்ஜின், சற்றுக் குறுகிய குழாயோடு 90 கொடுத்தது. அதே 1953-ல் பெல்ஜியத்தில் யாபெகே சாலையில் கென் ரிச்சர்ட்ஸன் ஓட்டிய டி.ஆர்.2 மணிக்கு 124 மைலைத் தாண்டிற்று. உடன்பிறந்த டிராக்டரும் லேசுப்பட்டதல்ல. 1958 ஜனவரி 4-ந் தேதி எட்மண்ட் ஹில்லரி தென் துருவத்தைப் போய்ச் சேர்ந்தது மூன்று பெர்குசன் டிராக்டர்களில்தான். ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவன் ஓட்டக்காரன், ஒருவன் உழைப்பாளி!

பாயின் பட்டறையில் நண்பர் தம் திட்டத்தை விரித்தார். டி.ஆர்.3-க்கு உரியது 83. ஆனால் 1961-ல் வந்த டி.ஆர்.4-க்கு 86 போட்டு 2,138 ஆக்கினார்கள். சீமையில் இப்போது 87 மில்லிமீட்டர் செட்டே கிடைக்கிறது. பிளாக்கில் கைவைக்காமல் இறக்கிவிடலாம். வேகம் கூடும். "எதைப் போடலாம், பாய்?"

பாய் பதில் சொல்லவில்லை. உள்விட்டம் பார்க்கும் கேஜை முதல் குழாயில் விட்டார். இரண்டாவதில் விட்டார். நான்கையும் பார்த்துவிட்டு, "சார், இது எண்பத்து மூணு இல்லை. எண்பத்தஞ்சு" என்றார்.

நண்பர் நம்பவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் 1,991 என்று இருக்கிறதே! மறுபடி அளந்தார்கள். 85-தான். யாரோ எப்போதோ வான்கார்டின் குழாய்களையோ, டிராக்டரின் குழாய்களையோ இந்தப் பந்தயக் காருக்குள் இறக்கியிருந்தார்கள்.

யாரோ என்ன, தகப்பனார்தான். அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். 1953-ல் டாரிப் கமிஷன் சிபாரிசுப்படி, இங்கேயே உற்பத்தி செய்யச் சம்மதிப்பவர்களுக்கே இடம் என்று சர்க்கார் முடிவு செய்தது. ஜெனரல் மோட்டார்ஸ், போர்டு கம்பெனிகள் மூட்டை கட்டின. வெளிநாட்டுச் சாமான் வாங்க லைசென்ஸ் வேண்டும். ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் பிஸ்டனுக்கு யார் அந்நியச் செலாவணி கொடுப்பார்கள்? ஆனால் 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா, சென்னையில் வான்கார்டைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்தது. அதன் தொழிற்சாலை இதே சாலையின் மறுகோடியில், வண்டலூர்ப் பக்கம். பெர்குசன் டிராக்டர்களும் வயல்களில் இறங்கியிருந்தன. செம்பியத்தில் 1949-ல் இந்தியா பிஸ்டன்ஸ் ஏற்பட்டு, பிஸ்டனையும் ரிங்கையும் நம் ஊரிலேயே வார்க்கத் தொடங்கியது. டி.ஆருக்கு 83 கிடைக்காது, 85 கிடைக்கும். கிடைத்ததைப் போட்டு அவர் வண்டியை ஓட்டியிருக்கிறார்.

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் டிரைவிங் கற்றுக்கொண்டது இந்த என்ஜினில்தான். ஒரு நாளும் அவர் இதைச் சொன்னதில்லையே" என்றார்.

நான் 83-க்கு வாதாடினேன். டிராக்டர் என்ஜினைப் பந்தய என்ஜினாக்கிய எண் அல்லவா அது? சரித்திரத்தைத் திருத்த நமக்கு என்ன அதிகாரம்? 87 பேச்சை நண்பரே விட்டுவிட்டார். குழாயின் உள்விட்டம் கூடக்கூட அதன் சுவர் மெலிகிறது, நம் ஊர் வெயிலில் அந்தப் பரீட்சை வேண்டாம் என்று பாய் சொன்னது ஒரு காரணம். உண்மைக் காரணம் அதுவல்ல என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் பாயே சொன்னார்: "சார், இந்த பிளாக் எதை இறக்கினாலும் வாங்கிக்கும். அதுவா ஒண்ணும் கேக்காது. நமக்கு எது வேணும்னு நாமதான் முடிவு பண்ணணும். ஆனா எதைப் போட்டாலும் உக்கார வைக்கிறதுல தப்பு வரக்கூடாது."

அந்த 'உட்கார வைப்பது'தான் வித்தை. குழாய்களின் அடியில் இரண்டிரண்டாகச் சேர்த்து, எட்டு வடிவத்தில் மெல்லிய கேஸ்கெட். குழாயின் தலை, பிளாக்கின் மட்டத்துக்கு மேலே ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்றிலிருந்து ஐந்து பங்கு வரை தூக்கி நிற்கவேண்டும். குறைந்தால் தண்ணீர் எண்ணெயில் இறங்கும், என்ஜின் போயிற்று. பிஸ்டன்கள் நான்கும் எடையில் ஒத்திருக்கவேண்டும். டிராக்டர் நிமிஷத்துக்கு 2,000 சுற்றோடு திருப்திப்படும். இது 5,000 சுற்றும்போது கொஞ்ச எடை வித்தியாசமும் உதறலாக வெளிவரும். அதனால், அளவு 85 ஆனாலும், கிடைத்த டிராக்டர் பிஸ்டனை அப்படியே போட பாய் சம்மதிக்கவில்லை. ஒவ்வொன்றாக நிறுத்துப் பொறுக்கினார்.

ஆமாம், 85-தான். நண்பர் முடிவு செய்துவிட்டார். "கவென்ட்ரி செய்த கார் உலகத்தில் நிறைய இருக்கிறது. அப்பா ஓட்டிய கார் இது ஒன்றுதான்" என்றார். என் சரித்திர வாதத்துக்கு அதற்குமேல் பதில் இல்லை. ஆர்.சி. புத்தகத்தைத் திருத்தக் கட்டாயம் மனுப்போட வேண்டும் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

வண்டி ஓடத் தொடங்கிய பிறகு இருவரும் அதிலேயே வாலாஜாபாத் சாலையில் போனோம். புதுக் கார்களைச் சுமந்த லாரிகள் எங்களைத் தாண்டிச் சென்றன. வண்டலூர் வந்ததும் நண்பர் வேகத்தைக் குறைத்தார். வான்கார்டைப் பூட்டிய அந்தத் தொழிற்சாலையில் 1988-லேயே கார் உற்பத்தி நின்றுபோயிற்று. இரண்டு பேருமே ஒன்றும் பேசவில்லை. என்ஜின் மட்டும் பேசிக்கொண்டு வந்தது. அந்தக் குரலில் கொஞ்சம் டிராக்டர் இருந்தது.