கிள்ளான் கோரிக்கைகளும் கூட்டு ஒப்பந்தச் சட்டமும்

1941ஆம் ஆண்டின் முற்பாதியில் மலாயாவின் கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தங்களைக் கூலிப் போராட்டம் என்று மட்டும் வகைப்படுத்தினால் அவற்றின் பாதி விடுபட்டுப்போகும். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்கப்பட்டது உண்மையே. ஆயினும், எழுத்து வேலையும் மேற்பார்வையும் பார்த்துவந்த கிராணிகளில் கொடுமைக்காரர்களை நீக்க வேண்டும், வெள்ளைக்காரத் தோட்டத் துரை எதிர்ப்படும்போது சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் கட்டாயம் ஒழிய வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பனவும் அதே கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற்றிருந்தன. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதன் மே 6 அன்று கைதாகிப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். படையினரின் துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். மே 16 அன்று சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. தொழிற்சங்கச் சட்டம் மலாயாவுக்குப் போர் வருமுன்பே இயற்றப்பட்டிருந்தும் 1946இல்தான் நடைமுறைக்கு வந்தது என்பதை நினைத்தால், பேச்சுவார்த்தைக்கு அன்று இருந்த இடம் எவ்வளவு குறுகியது என்பது விளங்கும்.

1954இல் பி. பி. நாராயணன் முதலியோரின் முயற்சியால் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபின், முதலாளிகள் சங்கத்துடன் கூட்டு ஒப்பந்தம் செய்துகொள்வது வழக்கமாயிற்று. தோட்டத்துக்கு வெளியே, தமிழர் பெருமளவில் பணிபுரிந்த ரயில்வே துறையிலும், நாட்கூலியை மாதச் சம்பளமாக்கக் கோரி 1962 டிசம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம் 22 நாட்கள் நீடித்தது.

இத்தகைய பூசல்களை வேலைநிறுத்தத்திலிருந்து வழக்காடலுக்குத் திருப்பியது 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டம். அதன்படி கூட்டு ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, மூன்றாண்டுக்குக் குறையாத காலத்துக்குச் செல்லுபடியாகி, தொழிலியல் நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். நீதிமன்றம் அதை ஏற்றுப் பதிவு செய்ததும் அது தீர்ப்புக்கு நிகரான வலுப்பெற்று இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். ஒப்பந்தம் மீறப்பட்டது என்ற புகாரும், அதன் வாசகத்துக்கு என்ன பொருள் என்ற தகராறும் அதே நீதிமன்றத்துக்குச் செல்லலாம். சட்ட நுணுக்கங்களில் சிக்காமல், நியாயத்தையும் மனச்சான்றையும் வழக்கின் உண்மைச் சாரத்தையும் நோக்கித் தீர்ப்பளிக்குமாறு நீதிமன்றம் பணிக்கப்பட்டது. தொழிலாளருக்கு இது சிறிய ஆதாயமன்று.

ஆனால் 1969 மே இனக்கலவரத்தையடுத்து அவசரகால விதிகளாக வந்து, 1971இல் சட்டத்திலேயே சேர்க்கப்பட்ட ஒரு பிரிவு இந்த ஆதாயத்தின் எல்லையைச் சுருக்கிவிட்டது. பதவி உயர்வு, இடமாற்றம், வேலைக்கமர்த்தல், ஆட்குறைப்பு, பணிநீக்கம், மீண்டும் பணியிலமர்த்தல், பணி ஒதுக்கீடு ஆகியவை நிர்வாகத்தின் தனியுரிமை எனப்பட்டதால், சங்கம் தன் பேச்சுவார்த்தைப் பட்டியலில் அவற்றைச் சேர்க்க இயலாது போயிற்று. கிள்ளானில் கிராணியை நீக்கக் கோரியதுபோல், யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று தோட்ட நிர்வாகத்தோடு வாதிடும் உரிமை, சங்கங்களுக்குச் சட்ட ஏற்பு கிடைத்த பிறகே சட்டப்படி இல்லாமற்போனது வரலாற்றின் விந்தைகளில் ஒன்று. பணிநீக்கத்துக்குப் பரிகாரமே இல்லாமற்போகவில்லை. நீக்கப்பட்டவர் தம் பெயரில் தனியே முறையிட வேண்டியதாயிற்று.

கூலி போன்ற பணி நிபந்தனைகள் பேசக்கூடிய பொருள்களாக நீடித்தன, அதுவும் ஒரு வரம்புக்குள்தான். அமைச்சர் ஒரு தகராறை நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டால் அதன்பொருட்டு வேலைநிறுத்தம் செய்வது சட்டவிரோதமாகும். மாதச் சம்பளம் கேட்டுத் தோட்டத் தொழிலாளர் 1990இல் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, அத்தகராறும் தொழிலியல் நீதிமன்றத்துக்கே அனுப்பப்பட்டது.