உப்புக் காற்றும் மின்மாற்றியும்

திருச்சியிலோ ஸ்ரீரங்கத்திலோ தெருமுனையில் நிற்கும் மின்மாற்றியை, அதாவது நாம் டிரான்ஸ்பார்மர் என்று சொல்லும் இரும்புப் பெட்டியை, நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். 11,000 வோல்ட் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்ற அளவுக்குக் குறைத்துத் தருவது அதுவே. காவிரிக் கரையில் பல்லாண்டுகள் உழைக்கும் அதே பெட்டி, மண்டபம் கடற்கரையில் விரைவில் துருவேறிவிடுகிறது. ஏன்?

உப்பு செய்யும் வேலை

அலைகள் உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று கரைக்குக் கொண்டுவருகிறது. அவை உலர்ந்தாலும் உப்பு தங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோற்றுப்புகூட நீரை ஈர்த்துக் கசிந்துவிடும் அல்லவா? மின்மாற்றியின் மேலும் அதுவே நிகழ்கிறது. அந்த உப்புநீர்ப் படலம் இரும்பின் மேல் சிறுசிறு மின்கலங்களை உண்டாக்கி அதை அரிக்கிறது. குளிர்விக்கும் மெல்லிய தகடுகளில் ஓட்டை விழுந்தால் உள்ளிருக்கும் எண்ணெய் கசியும், ஈரம் உட்புகும், காப்புத்திறன் குறையும். வெளியே பீங்கான் காப்பிகளில் படிந்த உப்பு பனியில் நனைந்தால் அதன் வழியே மின்சாரம் பாய்ந்து பொறி பறக்கும். ஊரே இருளில் மூழ்கும்.

ஆசிரியரும் மாணவரும்

இதற்கான மருந்து மின்மாற்றியைவிடப் பழையது. 1824இல் ஆங்கில அறிஞர் ஹம்ப்ரி டேவி, கப்பலின் செப்புத் தகட்டோடு துத்தநாகத்தை இணைத்தால் துத்தநாகம் தான் கரைந்து செம்பைக் காப்பதைக் கண்டார். 1837இல் பிரான்சில் சொரெல், உருகிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். டேவியிடம் உதவியாளராக இருந்த மைக்கேல் பாரடே, 1831இல் ஓர் இரும்பு வளையத்தில் இரு கம்பிச் சுருள்களைச் சுற்றினார். இன்றைய மின்மாற்றிக்கு முன்னோடி அதுதான். ஆசிரியர் கண்ட வழி, மாணவர் கண்ட கருவியை இன்று காக்கிறது!

நம் கடற்கரையில்

திருச்சியைத் தலைமையகமாகக் கொண்டிருந்த தென்னிந்திய ரயில்வே, 1914இல் பாம்பன் பாலத்தைத் திறந்தது. உப்புக் காற்றோடு போராடியே அது நூறாண்டைக் கடந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயில்கள் நின்றன. 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் சிறப்பு வண்ணப் பூச்சும் இடம்பெற்றன.

இத்தகைய அரிமானத்தை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்குக் காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்தார். உலோகங்களைக் கடற்காற்றில் வைத்துச் சோதிக்க மண்டபத்தில் ஓர் ஆய்வு நிலையத்தையும் அவ்வாய்வகம் நடத்தியது.

இன்று கடலோர மின்மாற்றிகளுக்குத் துருவை முற்றிலும் நீக்கி, துத்தநாகப் பூச்சும் அதன்மேல் எபாக்சி வண்ணமும் பூசுகிறார்கள். காப்பிகளை நீளமாக அமைக்கிறார்கள். நீர் ஒட்டாத சிலிக்கோன் ரப்பரையும் பயன்படுத்துகிறார்கள். மழையில்லா மாதங்களில் படியும் உப்பைக் கழுவுவதும் இன்றியமையாதது. பூச்சில் ஒரு கீறல் விழுந்தாலும் உப்பு அங்கேதான் தொடங்கும். திருச்சிக்குப் போதுமான பெட்டியை அப்படியே மண்டபத்துக்கு அனுப்புவது சிக்கனமாகாது.