பாத்திரமேற்பு விளையாட்டுகளில் வகுப்புச் சமநிலை

வகுப்புச் சமநிலை என்பது மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்படும் பாத்திரமேற்பு விளையாட்டுகளில், மந்திர ஆற்றல் உடைய கதைமாந்தருக்கும் அது இல்லாத கதைமாந்தருக்கும் ஆட்டத்தில் ஒத்த மதிப்புள்ள பங்கு கிடைக்குமாறு விதிகளை அமைக்கும் முயற்சியைக் குறிக்கும். இவ்விளையாட்டுகளில் ஆட்ட நடத்துநர் ஒருவர் சூழலை விவரிப்பார். ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று அவர் செய்வதைச் சொல்வர். ஐயத்திற்குரிய செயல்களின் விளைவைப் பகடை முடிவு செய்யும். போர்வீரர், திருடர், மந்திரவாதி, பூசாரி போன்ற கதைமாந்தர் வகைகள் "வகுப்பு" எனப்படுகின்றன.

இவ்விளையாட்டுகளில் பெரும்பாலும் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் எதிர்ப்பதில்லை. ஒரே குழுவாகச் செயல்படுகின்றனர். ஆகவே ஒரு வகுப்பு மிகுந்த வலிமை பெற்றால் அதனால் யாரும் தோற்பதில்லை. மாறாக, மற்றவர்களுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போகிறது. பல மணி நேரம் நீளும் ஆட்டத்தில் ஒருவர் வெறும் பார்வையாளராக அமர்ந்திருக்க நேர்வதே இச்சிக்கலின் மையமாகும்.

தோற்றம்

இவ்வகை விளையாட்டுகளில் முதலில் அச்சில் வெளியானது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆகும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் உருவாக்கிய இது 1974 இல் அமெரிக்காவில் வெளிவந்தது. இதில் போர்வீரர், மந்திரவாதி, பூசாரி ஆகிய மூன்று வகுப்புகள் இருந்தன. திருடர் வகுப்பு 1975 இல் வெளியான துணைநூலில் சேர்க்கப்பட்டது.

மந்திரம் இயங்கும் முறை, ஜாக் வான்ஸ் எழுதி 1950 இல் வெளியான "தி டையிங் எர்த்" என்னும் நூலைத் தழுவியது. இதன்படி மந்திரவாதி ஒவ்வொரு மந்திரத்தையும் முன்னதாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பயன்படுத்தியவுடன் அது நினைவிலிருந்து அகன்றுவிடும். போர்வீரரின் வாள் நாள் முழுதும் பயன்படும். மந்திரமோ எண்ணிக்கைக்கு உட்பட்டது. முதற்கால விதிகளின் சமநிலைக்கு இதுவே அடித்தளமாக அமைந்தது.

தொடக்ககாலக் கட்டுப்பாடுகள்

தொடக்ககால விதிகள் மந்திரவாதியைப் பல வழிகளில் கட்டுப்படுத்தின. அவர் கவசம் அணிய இயலாது. கத்தி, கோல் போன்ற சில ஆயுதங்களை மட்டுமே ஏந்தலாம். 1978 இல் வெளிவந்த மேம்பட்ட பதிப்பில் போர்வீரரின் உயிர்ப்புள்ளிகளுக்குப் பத்துமுகப் பகடையும், மந்திரவாதிக்கு நான்குமுகப் பகடையும் உருட்டப்பட்டன. மந்திரம் ஓதும்போது அடிபட்டால் அம்மந்திரம் வீணாகிவிடும்.

ஒவ்வொரு வகுப்பும் அடுத்த படிநிலைக்கு உயரத் தேவைப்படும் அனுபவப் புள்ளிகளும் வேறுபட்டன. 1989 இல் வெளியான இரண்டாம் பதிப்பில் இரண்டாம் படிநிலையை அடையத் திருடருக்கு 1,250, போர்வீரருக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500 புள்ளிகள் தேவைப்பட்டன. ஆனால் இவ்வேறுபாடு நீடிக்கவில்லை. ஏழாம் படிநிலையை மந்திரவாதி 60,000 புள்ளிகளிலும் போர்வீரர் 64,000 புள்ளிகளிலும் அடைந்தனர். அதாவது மந்திரவாதியின் வலிமை பெருகத் தொடங்கும் கட்டத்தில் அவரது வளர்ச்சி போர்வீரரை முந்திவிட்டது.

ஏற்றத்தாழ்வின் காரணங்கள்

"போர்வீரர் நேர்கோட்டில் வளர்கிறார், மந்திரவாதி இருபடியாக வளர்கிறார்" என்பது ஆட்டக்காரர்களிடையே வழங்கும் கூற்று. இதனை இரண்டாம் பதிப்பின் எண்களைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

முதற்படிநிலையில் மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு ஒரு மந்திரமே உண்டு. ஐந்தாம் படிநிலையில் அது ஏழாகவும், பத்தாம் படிநிலையில் பதினைந்தாகவும் உயர்கிறது. அதே வேளையில் ஒவ்வொரு மந்திரத்தின் வலிமையும் கூடுகிறது. ஐந்தாம் படிநிலையில் கிடைக்கும் தீப்பந்து மந்திரம், படிநிலைக்கு ஒன்றாக அறுமுகப் பகடைகளை உருட்டிச் சேதத்தைக் கணக்கிடும். பத்தாம் படிநிலையில் பத்துப் பகடைகளின் சராசரி 35 ஆகும். பரப்பினுள் ஐந்து எதிரிகள் இருந்தால் ஐவரும் அச்சேதத்துக்கு உள்ளாவர். தப்புதற்குரிய பகடையில் வென்றவர்க்கு மட்டும் அது பாதியாகும். அதே படிநிலையிலுள்ள போர்வீரர் இரண்டு சுற்றுகளில் மூன்று முறை தாக்கலாம். நீள்வாளுக்கு உரிய எண்முகப் பகடையின் சராசரி 4.5. உடல்வலிமை, மந்திர வாள் ஆகியவற்றால் கிடைக்கும் கூடுதலைச் சேர்த்தாலும் இடைவெளி பெரிது.

சேதத்தை விடவும் முதன்மையான காரணம் செயல்களின் வகையாகும். பறத்தல், மறைதல், நெடுந்தொலைவுக்கு நொடியில் செல்லுதல் போன்றவை மந்திரத்தால் மட்டுமே இயல்கின்றன. பூட்டைத் திறக்கும் மந்திரம் திருடரின் தொழிலையே பறித்துவிடுகிறது. மந்திரமற்றவர் எதைச் செய்ய முயன்றாலும் "உண்மையில் ஒரு மனிதரால் இது இயலுமா?" என்ற கேள்வி எழுகிறது. மந்திரவாதியிடம் அக்கேள்வி கேட்கப்படுவதில்லை.

மந்திர எண்ணிக்கைக்கான வரம்பும் எப்போதும் பயன் தருவதில்லை. ஒரே மோதலில் எல்லா மந்திரங்களையும் செலவிட்டபின் குழு உடனே ஓய்வெடுத்துக்கொண்டால், மறுநாள் அவை மீண்டும் கிடைத்துவிடும். கதையில் நேர நெருக்கடி இல்லாதபோது இவ்வரம்பு பெயரளவில் மட்டுமே நிற்கிறது.

தீர்வு முயற்சிகள்

2000 ஆம் ஆண்டில் வெளியான மூன்றாம் பதிப்பு எல்லா வகுப்புகளுக்கும் ஒரே அனுபவப் புள்ளி அட்டவணையை வழங்கியது. எதிரியின் அருகிலும் பாதுகாப்பாக மந்திரம் ஓதும் வழிகளையும் தந்தது. விதிகள் எளிமையாயின, எனினும் மந்திரவாதியைத் தளைத்திருந்த பழைய கட்டுப்பாடுகள் தளர்ந்தமையால் ஏற்றத்தாழ்வு மேலும் பெருகியது. 2006 இல் வெளியான "டோம் ஆஃப் பேட்டில்" என்னும் துணைநூல், வாள்வீரர்களுக்கு மந்திரங்களைப் போன்றே வரிசைப்படுத்தப்பட்ட போர்நுட்பங்களை அளித்தது.

2008 இல் வெளியான நான்காம் பதிப்பு இவ்வழியை முழுமையாகப் பின்பற்றியது. எப்போதும் பயன்படுத்தத்தக்கவை, மோதலுக்கு ஒருமுறை பயன்படுபவை, நாளுக்கு ஒருமுறை பயன்படுபவை என எல்லா வகுப்புகளுக்கும் ஒரே அமைப்பிலான ஆற்றல்கள் தரப்பட்டன. கணக்களவில் சமநிலை பெரிதும் எட்டப்பட்டது. ஆனால் எல்லா வகுப்புகளும் ஒரே மாதிரி ஆகிவிட்டன என்ற குறை எழுந்தது. மூன்றாம் பதிப்பின் விதிகளைத் தழுவி 2009 இல் வெளியான பாத்ஃபைண்டர், பழைய முறையை விரும்பியவர்களை ஈர்த்தது.

2014 இல் வெளியான ஐந்தாம் பதிப்பு இடைவழியை நாடியது. மனக்குவிப்பு தேவைப்படும் மந்திரங்களில் ஒரு நேரத்தில் ஒன்றையே நிலைநிறுத்த இயலும். மிக உயர்ந்த மந்திரங்கள் மிகக் குறைந்த எண்ணிக்கையிலேயே கிடைக்கின்றன. 2024 இன் திருத்திய விதிகள் ஆயுதம் ஏந்துவோருக்கு ஆயுதத் தேர்ச்சி என்னும் கூடுதல் திறன்களைச் சேர்த்தன.

வேறு சில விளையாட்டுகள் கேள்வியையே மாற்றி அமைத்தன. ரூன்குவெஸ்ட் (1978) வகுப்புகளையே நீக்கி, மந்திரத்தை யாவரும் கற்கத்தக்கதாக்கியது. ஆர்ஸ் மாஜிக்கா (1987) மந்திரவாதிகளே வலியவர்கள் என்பதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. ஆனால் ஆட்டக்காரர்கள் மந்திரவாதி, தோழர், காவலர் ஆகிய பாத்திரங்களை முறைமாற்றி ஏற்க வழி செய்தது. பஃபி தொடரைத் தழுவிய விளையாட்டு (2002) வலிமை குறைந்த கதைமாந்தருக்குக் கதையின் போக்கை மாற்றும் புள்ளிகளைக் கூடுதலாக அளித்தது.

திருநள்ளாற்று நளன் கதையுடன் ஒப்பீடு

தெய்வ ஆற்றலும் மனிதத் திறனும் ஒரே ஆட்டத்தில் எதிர்ப்படும்போது என்ன நிகழும் என்பதற்குத் தமிழருக்கு நன்கு அறிமுகமான எடுத்துக்காட்டு நளன் கதையாகும். மகாபாரதத்தின் வனபருவத்தில் இடம்பெறும் இக்கதையைத் தமிழில் புகழேந்திப் புலவர் நளவெண்பாவாகவும், அதிவீரராம பாண்டியர் நைடதமாகவும் பாடினர். புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால் மாவட்டத்திலுள்ள திருநள்ளாறு இக்கதையோடு தொடர்புடைய தலம் ஆகும். நளன் இங்குள்ள தீர்த்தத்தில் நீராடித் தர்ப்பாரண்யேசுவரரை வழிபட்டுச் சனியின் பிடியிலிருந்து விடுபட்டான் என்பது தலபுராணம். நளதீர்த்தத்தில் நீராடுவது இன்றும் பக்தர்களின் வழக்கமாக உள்ளது.

மகாபாரதக் கதையில் நளனிடம் தேவர்கள் அளித்த எட்டு வரங்கள் இருந்தன. எனினும் கலி அவனுள்ளும், துவாபரன் பகடையுள்ளும் புகுந்தபின், அவ்வரங்களுள் ஒன்றும் சூதாட்டத்தில் அவனுக்கு உதவவில்லை. தம்பி புட்கரனிடம் நாட்டை இழந்தான். எதிர்த்தரப்புக்கு மட்டும் மாயம் துணைநின்றால் ஆட்டம் ஆட்டமாகவே இராது என்பதை இப்பகுதி காட்டுகிறது.

அவன் மீண்டெழுவது புதிய வரத்தினால் அன்று. அயோத்தி மன்னன் இருதுபன்னனிடம் தேரோட்டியாக இருந்தபோது, தான்றி மரமொன்றின் இலைகளையும் காய்களையும் மன்னன் பார்வையாலேயே எண்ணிக் கூறுகிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிச் சரிபார்க்கிறான். பின்னர்த் தன் குதிரை நூலறிவைத் தருவதாக உறுதியளித்து, சூதின் நுட்பத்தைக் கற்றுக்கொள்கிறான். கற்ற அக்கணமே கலி அவனைவிட்டு நீங்குகிறான். பழங்காலத்தில் தான்றிக் காய்களே சூதாடு கருவியாகப் பயன்பட்டன என்பது இங்கு நினைக்கத்தக்கது.

தேரோட்டல், எண்ணுதல், சூதாடுதல் ஆகிய கற்றுப் பெறும் திறன்களை இக்கதை மாயத்துக்கு இணையான உயரத்தில் வைக்கிறது. மந்திரமற்ற வகுப்புகளின் திறனை இயல்பான மனித எல்லைக்குள் அடக்காமல் காவிய அளவுக்கு உயர்த்த வேண்டும் என்று வாதிடும் விளையாட்டு வடிவமைப்பாளர்களின் கருத்துக்கு இது நெருக்கமானது.

மதிப்பீடு

முழுமையான சமநிலை தேவையா என்பதில் கருத்து வேறுபாடுகள் உள்ளன. வகுப்புகளின் வேறுபாடே சுவை தருவதால் சேத அளவுகளைச் சமன்செய்வது பயனற்றது என்பது ஒரு தரப்பு. விதிநூலை விலை கொடுத்து வாங்குபவருக்கு எந்த வகுப்பைத் தேர்ந்தாலும் ஏமாற்றம் நேரக்கூடாது என்பது மற்றொரு தரப்பு. ஆட்ட நடத்துநர் திறமையாகச் செயல்பட்டால் குறைகளை ஈடுசெய்யலாம் என்றும் கூறப்படுகிறது. அவ்வாறாயின் விதிகள் செய்யவேண்டிய வேலை ஒரு தனிமனிதர் மீது சுமத்தப்படுகிறது என்பது அதற்கான மறுமொழி. எண்களின் சமநிலையினும், ஒவ்வொரு ஆட்டக்காரரும் தம்மால் மட்டுமே இயலும் ஒன்றைச் செய்யும் வாய்ப்பைப் பெறுவதே முதன்மையானது என்பதில் இத்தரப்புகள் பெரும்பாலும் ஒன்றுபடுகின்றன.